தனலெட்சுமி வீட்டில் எடுத்த சாவுக் காட்சி

படம் எடுக்க வீடு வேண்டும், அதுவும் சாவு வீடாகக் காட்ட வேண்டும் என்று ஒரு பெண் எங்கள் செந்தூல் ஃபிளாட்டில் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். யார் கொடுப்பார்கள்? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாயில் நல்ல வார்த்தை வராதா என்று ஒருத்தி முகத்தில் அடித்தாற்போலக் கேட்டாள். இன்னொருத்தி கிரில் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பேசினாள். நானும் முடியாது என்றுதான் சொன்னேன். என் வீட்டில் நிஜச் சாவே ஒன்று நடந்திருக்கிறது, பொய்ச் சாவு வேறு எதற்கு? பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிதான், "அதுக்கென்னம்மா, உள்ள வா" என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

தனலெட்சுமி அப்படித்தான். அவளுடைய அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, மின்னணுத் தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்தாள். கண் பார்வை மங்கியதும் பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கப் போனாள். லோரி ஓட்டும் தம்புசாமிக்கு வாக்கப்பட்டு ஒரு மகளைப் பெற்றாள். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள், தீபாவளிக்கு வருவாள், சில தீபாவளிக்கு வரமாட்டாள்.

தம்புசாமி எங்கே என்று கேட்டால், "அவருக்கு அவுட்ஸ்டேஷன் வேலைக்கா" என்பாள். அந்த அவுட்ஸ்டேஷன் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறது. காய்கறி லோரி ஓட்டப் போன இடத்தில் ஒருத்தியோடு தங்கிவிட்டார், அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கே தெரியும். செந்தூலில் ரயில் ஏறினால் மத்தியானச் சோறு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், இதற்கு எந்த ஊரில் அவுட்ஸ்டேஷன் என்று பெயர் என்று எனக்கு நாக்கு நுனிவரை வரும். கேட்டதில்லை. அவள் அதைச் சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டாள், அதனால் கேட்க முடிந்ததில்லை.

ஆனால் புருஷன் உயிரோடு இருக்கிறார் அல்லவா, அதனால் அவள் சுமங்கலி. புளோக்கில் எந்தக் கல்யாணம் என்றாலும் தாலித் தட்டை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கி வருவது அவள்தான். கோயில் விளக்குப் பூஜையில் அவளுக்கு முன் வரிசை. எனக்குக் கடைசி வரிசை நாற்காலி. என் வீட்டுக்காரர் சாகிற நாள்வரைக்கும் என் கையால்தான் சாப்பிட்டார், வேறு யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. அவர் செத்ததுதான் என்னுடைய குற்றமாம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளவும் விருப்பமில்லை.

தனலெட்சுமியின் தாலித் தங்கம் மகளின் படிப்புக்காக அடகுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அவள் கழுத்தில் இருந்தது மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டும்தான். கூடவே இரண்டு ஊக்குகள் எப்போதும் தொங்கும். வருஷப் பிறப்புக்குக் கயிறு மாற்றுவாள். மற்ற நாளெல்லாம் கேன்டீன் வேர்வையும் சாம்பார் வாசமும் அதில் ஊறிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் தம்புசாமிக்கு அறுபது. அதைத்தான் அவள் இத்தனை காலம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதாம் கல்யாணம் என்றால் கட்டின பெண்டாட்டியை மணையில் உட்கார வைத்து மறுபடி தாலி கட்ட வேண்டும். மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு துணிக்கடையில் அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்து, அலமாரியில் வேட்டித் துணி சுற்றி வைத்திருந்தாள். என்னைத் தவிர வேறு யாருக்கும் காட்டியதில்லை.

"அவரு எங்க வேணா இருந்துக்கட்டும்கா," என்று ஒருநாள் புடவையை மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னாள். "அறுபதுக்கு என் கழுத்துதானே வேணும். அவளுக்குக் கட்ட முடியுமா? ஊரு ஒத்துக்குமா?"

ஊர் எதையெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது சொல்ல மனம் வரவில்லை. "கட்டுவாரு கட்டுவாரு" என்றேன்.

அறுபதாம் வருஷத்தில் வீட்டைச் சாவுக் காட்சிக்குக் கொடுக்கிறாளே என்று நாலைந்து பேர் வந்து புத்தி சொன்னார்கள். அவள் சிரித்தாள். "நடிப்புதானே. ஒரு நாளாச்சும் வீடு நெறைய ஆளுங்க இருப்பாங்க" என்றாள்.

வீடு கேட்டு வந்த பெண்ணின் பெயர் விஷ்ணுப்ரியா. தனியார் கல்லூரியில் கடைசி வருஷம், இந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தால்தான் சான்றிதழ். கதை என்னவென்றால், அப்பா இறந்துபோகிறார், அம்மாவுக்குப் பொட்டழிக்கிறார்கள், அதைப் பார்த்து மகளுக்குக் கோபம் வருகிறது. அம்மாவாக நடிக்கக் கிள்ளானிலிருந்து ஒரு நடிகை. இளவயசுதான், தலையில் நரை பூசினால் சரியாகிவிடும் என்றார்கள். பிணமாகப் படுக்க எங்கள் கீழ்வீட்டு அய்யாவு அண்ணன். பொட்டழிக்கும் கிழவியாக நடிக்க என்னைக் கேட்டாள். வசனம் கிடையாது, கை மட்டும் வேலை செய்தால் போதும் என்றாள். நான் ஒத்துக்கொண்டேன். எனக்கு அதைச் செய்தபோது சுற்றி நின்றவர்கள் எப்படி நின்றார்கள், யார் கை எவ்வளவு அவசரப்பட்டது என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. அதை நாலு பேர் திரையில் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. விளக்கையும் கேமராவையும் கம்பிகளையும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோதே பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. பெரிய விளக்கைப் போட்டதும் வீட்டு மின்சாரம் போய்விட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி போனது. தனலெட்சுமி ஃபிரிட்ஜை நிறுத்தி, அதிலிருந்த மீனை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்ப போட்டுப் பாருங்க" என்றாள். விளக்கு நின்று எரிந்தது. அடுத்து மேல்வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம். பிரவின் என்று ஒரு பையன், மேலாளர் வேலை எல்லாம் அவன்தான், மேலே போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பி வந்தான். தனலெட்சுமி ஒரு தட்டில் கறிபாப் பலகாரத்தை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். சத்தம் நின்றது.

"எப்படி ஆன்டி?" என்று கேட்டான்.

"வேல செய்றவங்களுக்குப் பசிக்கும்ல. சாயங்காலம் வரைக்கும் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டேன்."

"ஆன்டிதான் நம்ம புரொடியூசர் லா" என்று விஷ்ணுப்ரியா அவளைக் கட்டிக்கொண்டாள். தனலெட்சுமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு அவளை யாரோ கட்டிப்பிடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு கூடத்தில் பெஞ்சைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அய்யாவு அண்ணனைப் படுக்க வைத்தார்கள். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றித் துணி, கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டு. தலைமாட்டில் குத்துவிளக்கு. தப்பு மேளம் அடிக்கிறவர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். விஷ்ணுப்ரியாவுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும், அதனால் மாடி நடைபாதையில் நின்று நன்றாக அடிக்கச் சொன்னாள். அவர்களும் கூலிக்கு வஞ்சகம் செய்யாமல் அடித்தார்கள்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் நடைபாதைக்காரர்களிடம் சொல்லியிருந்தோம், எதிர் புளோக்கில் சொல்லவில்லை. சாவு மேளம் கேட்டால் எங்கள் ஆட்கள் முதலில் எந்த மாடி என்று எட்டிப் பார்ப்பார்கள். தனலெட்சுமி வீட்டு வாசல் என்று தெரிந்ததும், எதிர் புளோக் இராஜம்மா தானாகவே முடிவு பண்ணிவிட்டாள். தம்புசாமி போய்விட்டார், பிணத்தைக் கட்டின பெண்டாட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று கோயில் மாதர் குழு வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டு, கையில் ஊதுபத்திக் கட்டோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள்.

வந்தவள் யாரையும் எதையும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய் அய்யாவு அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில இங்கதான் வந்தியா தம்புசாமி, இதுக்குத்தான் இவ காத்துக்கிட்டுக் கெடந்தாளா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அய்யாவு அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். கேமரா ஓடுகிறதோ என்னவோ என்று அவருக்குச் சந்தேகம். பிறகு தாடைத் துணியோடு எழுந்து உட்கார்ந்து, "இராஜம்மா, நான் அய்யாவு" என்றார். அவள் போட்ட கூச்சலில் தப்பு அடித்தவர்களே நிறுத்திவிட்டார்கள்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். தனலெட்சுமி எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவள் விஷயம் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இவ்வளவு நாளும் அவள் முன்னால் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து இராஜம்மாவின் கைப்பேசி சத்தம் போட்டது. அவள் அனுப்பிய குரல் யார் யாரிடமோ போய், கடைசியில் தம்புசாமியின் தங்கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இராஜம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எதைக் கேட்டாலும் ஊருக்கே கேட்கும்படி வைத்துத்தான் கேட்பாள். தங்கையின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எவடி அது எங்கண்ணன சாகடிக்கிறது? குத்துக்கல்லாட்டம் இருக்காரு. போன மாசந்தான் அறுபதாம் கல்யாணம் ஜாம் ஜாம்னு முடிஞ்சிச்சி. நம்பலன்னா போட்டோ அனுப்புறேன், நல்லா பாத்துக்குங்க."

பின்னாலேயே படமும் வந்தது. நான் எட்டிக் கைப்பேசியைப் பிடுங்கப் பார்த்தேன். இராஜம்மா கையை இழுத்துக்கொண்டாள். தனலெட்சுமி தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "குடுங்கக்கா, பாக்குறேன்" என்று கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க இராஜம்மாவுக்குக்கூட வழியில்லை.

நானும் அவள் தோளுக்கு மேல் பார்த்தேன். ஏதோ கோயில் மண்டபம், வரிசையாகக் கலசங்கள். தம்புசாமி கழுத்தில் மாலையோடு குனிந்து நின்று, மணையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி கழுத்தில் தாலி கட்டுகிறார். சுற்றி நின்று அட்சதை போடுகிறவர்களில் அவர் தங்கை இருக்கிறாள், அக்கா புருஷன் இருக்கிறார். தனலெட்சுமி கல்யாணத்தில் அட்சதை போட்ட அதே கைகள்.

தனலெட்சுமி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வெகு நேரம் பார்த்தாள். "எளச்சிட்டாரு" என்றாள். பிறகு, "மஞ்சப் பட்டு கட்டியிருக்கா" என்றாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் சோறு இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

இராஜம்மாவுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள், வருகிறேன் என்ற சொல் அங்கே வாயில் வரக்கூடாது. இது சாவு வீடு இல்லை என்று தனக்கே உறுதிப்படுத்திக்கொள்கிற மாதிரி அவள் வாசலில் நின்று சத்தமாக, "தனம், போயிட்டு வரேன். சொல்லிட்டுத்தான் போறேன்" என்றாள். கூட வந்தவர்களும் ஆளுக்கொரு தடவை, வரேன் தனம், வரேன் தனம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

இதையெல்லாம் கிள்ளான் நடிகை மூலையில் நரைத்தலையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிஜமாக அழுதுகொண்டு வந்த பெண்களையும், அவிழ்த்த தாலியைப் போடப் பால் ஊற்றி வைத்திருந்த செம்பையும், மஞ்சள் கயிற்றையும் பார்த்து மிரண்டுவிட்டாள். "சாரி விஷ்ணு, என்னால முடியல. என் ஹஸ்பண்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்று சொல்லி, முகச் சாயத்தைக்கூடத் துடைக்காமல் கிராப் டாக்சி பிடித்துப் போய்விட்டாள்.

விஷ்ணுப்ரியா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். கேமராவும் விளக்கும் அன்றைக்குச் சாயங்காலமே கல்லூரிக்குத் திரும்பப் போக வேண்டும். இன்னொரு நாள் எடுக்கலாம் என்றால் மறுபடி எவர் வீடு கொடுப்பார்? நடைபாதையில் வேடிக்கை பார்த்த இரண்டு பெண்களிடம் பிரவின் போய்க் கேட்டான். அவர்கள் பதில்கூடச் சொல்லாமல் கழுத்தில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விஷ்ணுப்ரியா என்னிடம் வந்தாள்.

"ஆன்டி, நீங்க அம்மாவா உக்காருங்க ஆன்டி. உங்க ரோலுக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கலாம்."

"எனக்கு ஒரு தடவ பண்ணியாச்சு," என்றேன். "ரெண்டாவது தடவைக்கு என்கிட்ட கழுத்து கெடையாது. போ அந்தப் பக்கம்."

அந்தப் பிள்ளை முகம் செத்துப்போனது. நான் அப்படிச் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டால் அப்படித்தான் வரும்.

தனலெட்சுமி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அழாதம்மா. நான் உக்கார்றேன்."

நான் அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். "ஒனக்கு என்னா பைத்தியமா? அந்தாளு உசுரோட இருக்காரு."

"இருக்கட்டுமேக்கா. நான் என்ன சாவணும்னா சொன்னேன்?"

"நாளைக்கு அவருக்கு ஒன்னுன்னா ஒன்னத்தான் சொல்லுவாங்க. இவதான் அறுத்துட்டான்னு."

"நடிப்புதானேக்கா" என்றாள். அலமாரியைத் திறந்து வேட்டித் துணியைப் பிரித்து அந்த அரக்குப் பட்டை எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. பொட்டழிக்கும் முன் பெண்ணுக்குப் பட்டுக் கட்டி, பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார வைப்பார்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுப்பதற்கு. அது அவளுக்கும் தெரியும்தான். புடவையை மடியில் வைத்துத் தடவினாள். "இத நான் வேற எப்பக்கா கட்டுறது?"

கொசுவம் பிடித்துவிட்டேன்.

பிரவின் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாங்கிய தாலிக் கயிற்றைக் காகிதத்தோடு நீட்டினான். புதுக் கயிறு, மஞ்சள் துண்டு கோத்தது. "ஆன்டி, உங்களுது கழட்டிப் பத்திரமா வச்சிட்டு இத போட்டுக்குங்க." அவள் அதை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். கழுத்தில் மாராப்பை இழுத்துவிட்டிருந்தாள்.

இந்தக் களேபரத்திலேயே பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்றார்கள். அய்யாவு அண்ணன் மறுபடி படுத்தார். தனலெட்சுமியை அவர் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அரக்குப் பட்டும், தலை நிறைய மல்லிகையும், கண்ணாடி வளையலும், பெரிய குங்குமப் பொட்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு அவள் எப்படி உட்கார நினைத்தாளோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழகாக இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஆன்டி, நல்லா அழணும். கதறணும்" என்றாள் விஷ்ணுப்ரியா. தனலெட்சுமி தலையாட்டினாள்.

தப்பு தொடங்கியது. நான் முதலில் பூவை எடுத்தேன். வளையலை அவள் முன்கையோடு சேர்த்து அடித்து உடைத்தேன், மெல்லத்தான் அடித்தேன். கட்டை விரலால் பொட்டை அழித்தேன், அது நெற்றி முழுக்கச் சிவப்பாக இழுபட்டது. அவள் அழவே இல்லை. அய்யாவு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கல்லூரியில் போட்டுக் காட்டியபோது, அந்த அம்மா அழவே இல்லை, நடிப்பு பத்தவில்லை என்று ஒரு விரிவுரையாளர் சொன்னாராம். அந்த மனிதர் என் கையில் கிடைத்திருந்தால் நன்றாகக் கேட்டு அனுப்பியிருப்பேன்.

கடைசியாகக் கழுத்தில் கை வைத்தேன். புதுக் கயிறு விறைப்பாக இருக்கும், தொட்டால் கையில் மஞ்சள் ஒட்டும். என் விரலில் பட்டது நைந்து மெத்தென்று ஆகிப்போன கயிறு. வேர்வையில் ஈரமாக இருந்தது. இன்னும் இழுத்தபோது இரண்டு ஊக்குகள் என் கையில் குத்தின.

என் கை நின்றுவிட்டது. தப்பு அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் நான் நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். தனலெட்சுமி அய்யாவு அண்ணன் முகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"எடுங்கக்கா" என்று உதடு அசையாமல் சொன்னாள். "கேமரா ஓடுது."

நான் மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். போயிருந்தால் அவளே தன் கையால் எடுத்திருப்பாள், அது இதைவிடக் கேவலம். என் கழுத்தில் எடுத்தவர்கள் அவசர அவசரமாக எடுத்தார்கள், முடி சிக்கி வலித்தது. நான் அவள் பின்னங்கழுத்து முடியை ஒதுக்கிவிட்டு, முடிச்சை நகத்தால் நிதானமாக அவிழ்த்தேன். நாள்பட இறுகிப்போன முடிச்சு, லேசில் அவிழவில்லை. யாரும் கட் சொல்லவில்லை. கயிறு கழன்று வந்ததும் ஊக்குகளோடு அப்படியே செம்புப் பாலில் போட்டேன்.

விஷ்ணுப்ரியா கட் சொல்லிவிட்டு ஓடிவந்து தனலெட்சுமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். நான் கை கழுவக் குளியலறைக்குப் போனேன். சோப்புப் பெட்டி மேல் பிரவின் வாங்கிவந்த புதுத் தாலி காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது கூடத்தில் ஒரே சிரிப்பு. சாவுக் காட்சி எடுத்து முடித்ததும் பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அப்போதுதான் தோஷம் கழியும் என்பது சினிமாக்காரர்கள் பழக்கமாம். அய்யாவு அண்ணன் எழுந்து உட்கார்ந்து, நெற்றிக் காசு உருண்டோட, இருக்கிற நாலு பல்லும் தெரியச் சிரித்தார். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள்.

விஷ்ணுப்ரியா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஆன்டி, நீங்களும் பொட்டு வச்சி, தாலி போட்டு, ஒரு தடவ சிரிச்சிடுங்க. அப்பத்தான் உங்களுக்கும் கழியும்."

தனலெட்சுமி சிமிழை வாங்கிப் பார்த்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வேணாம்மா. அவருதான் எந்திரிச்சி சிரிச்சிட்டாருல்ல. அவருக்குக் கழிஞ்சா போதும்."

அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை, சோர்வு என்று நினைத்துக்கொண்டது. அவர்களுக்கு நேரமாகிவிட்டது. விளக்கைக் கழற்றி, துணியை மடித்து, தனலெட்சுமி ஆக்கி வைத்திருந்த சோற்றையும் மரக்கறிக் குழம்பையும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். பிரவின் வீட்டைச் சுத்தமாகக் கூட்டினான், நல்ல பையன். உடைந்த வளையலையும் பூவையும் ஒரு பையில் போட்டான். செம்புப் பாலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கயிற்றையும் அதே பையில் போட்டு முடிச்சுப் போட்டான். கீழே போகும்போது குப்பையில் எறிந்துவிட்டுப் போயிருப்பான்.

"வரோம் ஆன்டி, தேங்க்யூ ஆன்டி, படம் ரெடியானதும் கூப்பிடுறோம் ஆன்டி" என்று சத்தம் போட்டுக்கொண்டே எல்லாரும் இறங்கிப் போனார்கள். மேல்வீட்டுக்காரர்கள் மறுபடி சுவரைத் துளைக்கத் தொடங்கினார்கள். தனலெட்சுமி பெஞ்சில், அய்யாவு அண்ணன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை.

"நான் கீழ போயிப் பையத் தேடிப் பாக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாம்கா." பிறகு, "அந்த ஊக்கு ரெண்டும் நல்ல ஊக்கு" என்றாள். கை தானாகக் கழுத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல் மடிக்குத் திரும்பியது.

அடுத்த கல்யாணத்தில் தாலித் தட்டை வேறொருத்தி எடுப்பாள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். அவளுடைய மீனை என் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வந்து அவள் ஃபிரிட்ஜில் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோயில் மணி அடித்து, வெளிச்சம் போகிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

பிறகு எழுந்தேன். பக்கத்து வீடுதான், இருபது முப்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற சொல், வரேன் தனம் என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், சொல்லாமல் வெளியே வந்தேன். எப்போதும் கிரில்வரை வந்து வழியனுப்புகிறவள், இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.